ஆற்றங்கரைக் காற்றும் அடைத்த அறையும்

ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு நீல மையை விடுங்கள். சற்று நேரத்தில் குவளை முழுவதும் நீலமாகிவிடும். அதே ஒரு சொட்டைத் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்கு அருகே ஓடும் தாமிரபரணியில் விட்டால் என்ன ஆகும்? விட்ட இடத்தில் ஒரு நொடி நீலக் கோடு தெரியும். பிறகு அதுவும் மறைந்துவிடும். மை அழிந்துபோகவில்லை. கலப்பதற்கு அதற்கு ஏராளமான நீர் கிடைத்தது. அந்த நீரும் நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

குவளையும் ஆறும் கற்பிக்கும் இந்த எளிய பாடம், 2020ஆம் ஆண்டில் உலகையே வீட்டுக்குள் முடக்கிய கொரோனா நோயைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும். மைக்குப் பதில் மூச்சுக்காற்று; தண்ணீருக்குப் பதில் நம்மைச் சுற்றியுள்ள காற்று. வேறுபாடு அவ்வளவே.

ஊரடங்கும் தளர்வும்

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவை உலகளாவிய பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மாணவர்களே, நீங்கள் அப்போது தொடக்கப் பள்ளியிலோ நடுநிலைப் பள்ளியிலோ படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பூட்டிய பள்ளியும் வெறிச்சோடிய தெருவும் உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

பின்னர்க் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. 2020 செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் மாவட்டத்துக்குள் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மாநிலத்துக்குள் பயணம் செய்ய இ-பாஸ் வாங்க வேண்டும் என்ற விதியும் நீங்கியது. அடுத்த ஆண்டு இரண்டாம் அலை வந்தது. 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு. அதன்பின் மறுபடியும் தளர்வுகள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்குத் திரும்பினார்கள்.

ஒவ்வொரு தளர்வின்போதும் வீடுகளில் ஒரே கேள்வி எழுந்தது. வெளியே போகலாமா? போகலாம் என்றால் எங்கே? குற்றாலத்துக்கா, பாபநாசத்துக்கா, அல்லது ஆற்றங்கரை வரை காலார நடந்துவிட்டு வந்தால் போதுமா?

பலர் இதற்குக் கிலோமீட்டர் கணக்கில் விடை தேடினார்கள். பக்கத்தில் என்றால் பயமில்லை, தொலைவு என்றால் ஆபத்து என்று எண்ணினார்கள். ஆனால் நோய்க்கிருமிக்குக் கிலோமீட்டர் தெரியாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யாருடைய மூச்சுக்காற்றை, எவ்வளவு நேரம், எவ்வளவு இடத்துக்குள் பகிர்ந்துகொள்ளப் போகிறோம்? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் பள்ளியில் படித்த இயற்பியலே போதும். எவ்வாறு என்று பார்ப்போம்.

துளி விழும் வேகம்

நாம் பேசும்போதும், பாடும்போதும், இருமும்போதும் வாயிலிருந்து நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. அவற்றுள் சில கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலானவை தெரியா. ஒரு மீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் கிடைப்பது ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். கொரோனாக் கிருமியின் விட்டமோ சுமார் 0.1 மைக்ரான்தான். ஆனால் கிருமி தனியாகப் பறப்பதில்லை. துளி என்னும் வண்டியில் ஏறித்தான் பயணம் செய்கிறது.

துளி கீழே விழும்போது என்ன நிகழ்கிறது? புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. காற்றின் பாகியல் விசை அதைத் தடுக்கிறது. இரண்டும் சமமானவுடன் துளி மாறாத வேகத்தில் இறங்குகிறது. இதனையே முற்றுத் திசைவேகம் என்கிறோம். சிறு துளிகளுக்கு இவ்வேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஸ்டோக்ஸ் விதியிலிருந்து கிடைக்கும் முடிவு. அதாவது, துளியின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால், விழும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நம் வாய் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம்.

100 மைக்ரான் விட்டமுள்ள துளி தரையை அடைய ஏறத்தாழ 5 நொடி ஆகும்.

10 மைக்ரான் துளிக்கு 500 நொடி, அதாவது 8 நிமிடத்துக்கும் மேல்.

1 மைக்ரான் துளிக்கு 50,000 நொடி, அதாவது ஏறத்தாழ 14 மணி நேரம்!

இது சற்றும் அசையாத காற்றுக்கான கணக்கு. உண்மையில் எந்த அறையிலும் காற்று சிறிதேனும் அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே மிகச் சிறிய துளிகள் விழுவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு மிதந்து திரியும். அதுமட்டுமன்று. துளி விழுந்துகொண்டிருக்கும்போதே அதிலுள்ள நீர் ஆவியாகிறது. துளி இன்னும் சிறிதாகிறது. இன்னும் மெதுவாக விழுகிறது. விழுதலுக்கும் ஆவியாதலுக்கும் இடையிலான இந்தப் போட்டியை வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1934ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

ஆறடி இடைவெளி என்று கடைகளின் முன் வட்டம் போட்டு வைத்திருந்தார்களே, அந்த விதி பெரிய துளிகளுக்குப் பொருந்தும். 5 நொடியில் விழும் துளி நெடுந்தொலைவு செல்லாது. ஆனால் மணிக்கணக்கில் மிதக்கும் நுண்துளிக்கு ஆறடியும் ஒன்றுதான், அறையின் மறுமூலையும் ஒன்றுதான்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு மூடிய கூடத்தில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது. சில நாள்களில் அவரையும் சேர்த்து 53 பேர் நோயுற்றவர்களாகக் கணக்கிடப்பட்டனர். இருவர் இறந்தனர். இத்தகைய நிகழ்ச்சிகள்தாம் காற்றின்மீது ஆய்வாளர்களின் கவனத்தைத் திருப்பின. 2021 மே மாதத்தில் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் காற்றோட்டம் வேண்டும் என்று வலியுறுத்தி அறிவுரை வெளியிட்டது.

அறையின் கணக்கு

இனி நம் ஊர் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர். அதன் பருமன் 90 கனமீட்டர். அதில் 20 மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கதவும் சன்னலும் சாத்தியிருக்கின்றன.

அமைதியாக இருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் சுமார் அரை லிட்டர் காற்றை வெளிவிடுகிறார். நிமிடத்துக்கு 16 மூச்சு என்றால் 8 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 480 லிட்டர், அதாவது ஏறத்தாழ அரைக் கனமீட்டர். 20 பேருக்கும் சேர்த்து 10 கனமீட்டர்.

90இல் 10 என்பது ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் கழித்து அந்த அறையில் நீங்கள் இழுக்கும் ஒன்பது மூச்சில் ஒரு மூச்சளவு காற்று, ஏற்கெனவே வேறொருவர் நுரையீரலுக்குள் சென்று வந்தது! குவளையில் மை கலந்தது போல, ஒருவரிடமிருந்து வந்த நுண்துளி அறை முழுவதும் கலந்துவிடும்.

இதனை அளந்தும் பார்க்கலாம். நாம் வெளிவிடும் மூச்சில் நூற்றுக்கு 4 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. 10 கனமீட்டர் மூச்சில் அது 0.4 கனமீட்டர். 90 கனமீட்டர் அறையில் இது பத்து லட்சத்துக்குச் சுமார் 4,400 பங்கு. வெளிக்காற்றில் இவ்வாயு பத்து லட்சத்துக்கு 420 பங்குக்குச் சற்றே அதிகம். ஆகவே அறையில் அது பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. அடைத்த அறையில் நீண்ட நேரம் இருந்தால் கொட்டாவியும் சோர்வும் வருவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். கார்பன் டை ஆக்சைடு மானி என்னும் சிறு கருவியைக் கொண்டு ஓர் அறையில் காற்றோட்டம் போதுமா என்று இன்று பல நாடுகளில் சோதிக்கிறார்கள்.

இப்போது எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டைத் திறப்போம். ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர். காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மெல்ல நுழைகிறது. அப்படியென்றால் நொடிக்கு 0.5 கனமீட்டர் புதுக்காற்று. 90 கனமீட்டர் வருவதற்கு 180 நொடி, அதாவது 3 நிமிடம். அறையின் பழைய காற்று முழுவதும் ஒரே தடவையில் வெளியேறிவிடாது. புதியதும் பழையதும் கலந்துதான் வெளியேறும். எனினும் கால் மணி நேரத்தில் பழைய காற்று மிகச் சிறு பங்காகிவிடும். செலவு ஒன்றுமில்லை; சன்னல் கொக்கியை நீக்கினால் போதும்.

ஆற்றங்கரையின் கணக்கு

அடுத்து அந்த 20 பேரையும் தாமிரபரணிக் கரைக்கு அழைத்துச் செல்வோம். அவர்கள் 10 மீட்டர் அகலத்தில் பரவி நிற்கிறார்கள். தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் வரையுள்ள காற்றை மட்டும் கணக்கில் எடுப்போம். காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. இது முகத்தில் பட்டு உணரும்படியான இளங்காற்றுதான். நொடிதோறும் அவர்களைக் கடந்து செல்லும் காற்று 10 பெருக்கல் 3 பெருக்கல் 2, ஆக 60 கனமீட்டர். அந்த அறை முழுவதையும் நிரப்பும் 90 கனமீட்டர் காற்று இங்கே ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறது!

அறையில் 3 நிமிடம், ஆற்றங்கரையில் ஒன்றரை நொடி. குவளைக்கும் ஆற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நெல்லைச் சீமைக்கு இயற்கை அளித்துள்ள வசதி ஒன்றும் இங்கே நினைவுகூரத்தக்கது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வருவதால், ஆனி, ஆடி மாதங்களில் இவ்வட்டாரத்தில் காற்றுக்குக் குறைவே இல்லை.

அப்படியானால் வெளியிடத்தில் ஆபத்தே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. இதற்கு எளிய உவமை பீடிப் புகை. திறந்தவெளியில் ஒருவர் பீடி பிடிக்கும்போது அவர் முகத்துக்கு நேரே நின்றால் புகை நம் மூக்கில் ஏறும். பத்தடி தள்ளி, காற்று வரும் பக்கமாக நின்றால் ஏறாது. அடைத்த அறையிலோ எந்த மூலையில் நின்றாலும் நாற்றம் தப்பாது. பீடிப் புகைத் துகள்களும் ஒரு மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள்களே. ஆகவே, புகை எங்கெல்லாம் எட்டுமோ அங்கெல்லாம் நுண்துளியும் எட்டும் என்று கொள்ளலாம். தோளோடு தோள் இடிக்கும் திருவிழாக் கூட்டத்தில் திறந்த வானம் மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

ஆபத்து அருவியிலா, வேனிலா?

தளர்வுக் காலத்தில் பூங்கா, கடற்கரை, அருவி ஆகியவை கடைசியாகத் திறக்கப்பட்ட இடங்களுள் அடங்கும். கூட்டம் நெருக்கியடிக்கும் என்ற அச்சமே காரணம். அந்த அச்சம் பொருளற்றதன்று. ஆனால் சுற்றுலாவில் நாம் கவனிக்க மறந்த வேறோர் இடம் உண்டு.

திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 12 பேர் ஒரு வேனில் கிளம்புகிறார்கள். வேனின் உட்புறப் பருமன் 10 கனமீட்டர் என்று கொள்வோம். ஏ.சி. ஓடுகிறது, ஆகவே கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டுள்ளன. பாட்டும் சிரிப்பும் பலமாக இருக்கின்றன. 12 பேர் ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் மூச்சு 6 கனமீட்டர். வேனின் மொத்தக் காற்றே 10 கனமீட்டர்தான்! உரக்கப் பாடினால் வெளியாகும் நுண்துளிகளின் எண்ணிக்கை இன்னும் பன்மடங்கு கூடும். ஏ.சி. காற்றைக் குளிரச் செய்கிறதே தவிர, வெளிக்காற்றை உள்ளே விடும்படி திருப்பி வைத்தாலன்றி, அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது.

கண்ணாடியை இறக்கிவிட்டால்? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குச் சுமார் 11 மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில், 0.2 சதுர மீட்டர் திறப்பு வழியாகக் காற்று புகுந்தாலும், நொடிக்கு 0.22 கனமீட்டர் வரும். முக்கால் நிமிடத்தில் 10 கனமீட்டர் புதுக்காற்று வந்துவிடும்.

ஆகவே அந்தச் சுற்றுலாவில் பெரிய ஆபத்து அருவியடியில் இல்லை. அருவிக்குப் போகும் வழியில், ஏற்றிய கண்ணாடிக்குள் இருந்தது. நடந்தோ மிதிவண்டியிலோ ஆற்றங்கரைக்குச் சென்று வந்தவர் காற்றைப் பொறுத்தவரை மிகப் பாதுகாப்பான பயணத்தைத் தேர்ந்தெடுத்தவர். அவர் ஐம்பது மீட்டர் சென்றாரா ஐந்து கிலோமீட்டர் சென்றாரா என்பது முக்கியமன்று.

நடந்துகொண்டே கற்கலாம்

பெருந்தொற்றால் ஏற்பட்ட உலகளாவிய அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. எனினும் ஆற்றங்கரை நடை நமக்கு இன்றும் நல்லதே. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பெரியவர் ஒருவருடன் கிளம்புங்கள். கொக்கிரகுளத்தில் ஆற்றையொட்டி 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. அருகில் 1843ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம். அங்கிருந்து மேற்கே குறுக்குத்துறை. இந்த நடைக்குத் தேவையான கருவிகள் ஒரு கைக்கடிகாரம், ஓர் அளவு நாடா, ஒரு குறிப்பேடு. இவ்வளவே.

சோதனை 1: காலடி அளவு. தரையில் 20 மீட்டர் தூரத்தை நாடாவால் அளந்து குறியுங்கள். இயல்பாக நடந்து, எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 30 அடி என்றால், ஓர் அடி சுமார் 67 சென்டிமீட்டர். இனி நீங்கள் போகுமிடமெல்லாம் உங்கள் காலே அளவுகோல். பாலத்தின் நீளத்தை, அதன் நடைபாதையில் நடந்தே கண்டுபிடியுங்கள்.

சோதனை 2: காற்றின் வேகம். இதற்குக் கருவி தேவையில்லை. ஊதுபத்திப் புகை சாய்ந்து செல்கிறது, ஆனால் முகத்தில் காற்றுப் படுவது தெரியவில்லை என்றால் வேகம் நொடிக்கு 0.3 முதல் 1.5 மீட்டர். முகத்தில் படுகிறது, அரச இலைகள் சலசலக்கின்றன என்றால் 1.6 முதல் 3.3 மீட்டர். இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் ஆடினால் 3.4 முதல் 5.4 மீட்டர். கடலோடிகளுக்காக உருவான போபோர்ட் அளவுமுறையின் பகுதி இது. நீங்கள் கண்ட வேகத்தை வைத்து, மேலே செய்த ஆற்றங்கரைக் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்.

சோதனை 3: ஆற்றின் நீரோட்டம். கரையோரம் 20 மீட்டருக்கு இரு குறிகள் இடுங்கள். மேல்குறிக்குச் சற்று மேலே, காய்ந்த குச்சி ஒன்றைக் கரையில் நின்றபடியே நடு ஆற்றை நோக்கி வீசுங்கள். அது இரு குறிகளையும் கடக்க எத்தனை நொடி ஆகிறது? 40 நொடி என்றால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். ஆற்றின் அடியில் உராய்வு இருப்பதால் நீர் மெதுவாக ஓடும். ஆகவே சராசரி வேகத்துக்கு 0.85ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆற்றின் அகலம் 60 மீட்டர், சராசரி ஆழம் 1 மீட்டர் என்றால், நொடிக்குச் செல்லும் நீர் 25.5 கனமீட்டர். ஒரு கனமீட்டர் 35.3 கன அடி ஆதலால் இது ஏறத்தாழ 900 கன அடி. நாளிதழ்களில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர் வெளியேற்றம் கன அடியில்தான் அச்சாகிறது. உங்கள் கணக்கை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இடையிலுள்ள அணைக்கட்டுகளும் கால்வாய்களும் நீரைப் பிரித்துக்கொள்கின்றன என்பதை மறவாதீர்கள்.

சோதனை 4: இதை இரவில் வீட்டில் செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்து, ஊதுபத்திப் புகையை அந்த ஒளிக்கற்றையில் பாருங்கள். சன்னல் மூடியிருக்கும்போது புகை எவ்வளவு நேரம் தங்குகிறது? திறந்தால் எவ்வளவு நேரம்? இரண்டையும் நிமிடக் கணக்கில் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துளியின் பயணத்தை அதே அளவுள்ள புகைத் துகள் உங்களுக்குக் காட்டிவிடும்.

கரையில் நில்லுங்கள்

ஓர் எச்சரிக்கை. மேலே கூறிய எந்தச் சோதனைக்கும் ஆற்றுக்குள் இறங்கத் தேவையில்லை, இறங்கவும் கூடாது. காரணம் இயற்பியலிலேயே இருக்கிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேர்மேலே இருந்து பார்க்கும்போது உண்மை ஆழத்தில் முக்கால் பங்குதான் நம் கண்ணுக்குத் தெரியும். 2 மீட்டர் பள்ளம் 1.5 மீட்டராகத் தோன்றும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். இடுப்பளவு என்று எண்ணிக் கால் வைத்த இடம் ஆளை மூழ்கடிக்கும் ஆழமாக இருக்கலாம். தெளிந்த நீர் என்பதால் ஆழம் குறைவு என்று நம்பி இறங்கி உயிரிழந்தவர்கள் எத்தனையோ பேர்.

அணையில் நீர் திறந்தாலும் ஆற்றின் போக்கு சட்டென்று மாறும். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. வெள்ளத்தை எதிர்கொள்ளும் பக்கம் படகின் முனைபோலக் கூராகக் கட்டப்பட்டுள்ளது. நீரோட்டம் இருபுறமும் பிரிந்து செல்வதால் சுவரின்மீது மோதும் விசை குறைகிறது. வெள்ளம் வரும் என்பதை அறிந்து கட்டிய முன்னோரின் பொறியியல் அது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி நகருக்குள் புகுந்தது. வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் ஆற்றங்கரை நடை வேண்டாம்.

நீர்த்துப்போவதற்கும் எல்லை உண்டு

ஆற்றில் விட்ட மை மறைந்துவிடும் என்றோமே, அப்படியானால் எதை வேண்டுமானாலும் ஆற்றில் விடலாமா? கூடாது. மை ஒரு சொட்டு. ஆறோ நொடிக்கு 25 கனமீட்டர். ஆனால் கழிவுநீர் சொட்டுச் சொட்டாக வருவதில்லை. சாக்கடையாக இரவும் பகலும் வருகிறது. கோடையில் நீரோட்டம் சுருங்கும்போது கலப்பதற்குத் தண்ணீரும் குறைகிறது. ஆறு அப்போது குவளையாக மாறத் தொடங்குகிறது. நடந்து செல்லும்போது, ஆற்றில் கழிவுநீர் கலக்கும் இடங்களில் நீரின் நிறத்தையும் மணத்தையும் கவனித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

காற்றுக்கும் இதே விதிதான். ஊர் முழுதும் குப்பையை எரித்தால் திறந்தவெளிக் காற்றும் அடைத்த அறைக் காற்றாகிவிடும்.

பாடம் பழையதன்று

கொரோனா அச்சம் தணிந்துவிட்டது. ஆனால் காசநோயும் தட்டம்மையும் காற்றின் வழியே பரவும் நோய்கள்தாம். ஃபுளூ காய்ச்சலும் பெருமளவு இவ்வழியே பரவுகிறது. இவை நம்மிடையே இன்றும் இருக்கின்றன. ஆகவே நாளைக் காலையில் வகுப்பறைக்குள் நுழைந்தவுடன் முதலில் சன்னல்களைத் திறங்கள். ஒரு பக்கம் மட்டுமன்றி எதிரெதிர்ப் பக்கங்களில் திறங்கள். இருமல் உள்ள நாளில் முகக்கவசம் அணியுங்கள். பேருந்தில் மழை இல்லாதபோது சன்னலை மூடாதீர்கள். விடுமுறையில் உறவினரோடு பேச வேண்டுமா? அடைத்த கூடத்தைவிட வேப்பமரத்தடி நல்லது. அதைவிட ஆற்றங்கரை நடை நல்லது.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் வகுப்பறையின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து பருமனைக் காண்க. எல்லா மாணவர்களும் ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் மூச்சு அதில் எத்தனையில் ஒரு பங்கு?

2. 5 மைக்ரான் விட்டமுள்ள துளி, அசையாத காற்றில் 1.5 மீட்டர் விழ எவ்வளவு நேரம் ஆகும்? (குறிப்பு: 10 மைக்ரான் துளிக்கு 500 நொடி.)

3. ஒரே அறையில் கூரையின் உயரம் மட்டும் இரு மடங்கானால் முதல் வினாவின் விடை எப்படி மாறும்? பழைய வீடுகளில் கூரையை உயரமாக அமைத்ததன் பயன்களுள் ஒன்றை இதிலிருந்து கூறுக.

4. ஒரு குளத்தின் தரை 1.2 மீட்டர் ஆழத்தில் இருப்பதாக நேர்மேலே இருந்து பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. உண்மை ஆழம் என்ன?

விடைகள்: இரண்டாம் வினாவுக்கு 2,000 நொடி, அதாவது அரைமணிக்குச் சற்று மேல். மூன்றாம் வினாவில் அந்தப் பங்கு பாதியாகும். நான்காம் வினாவுக்கு 1.6 மீட்டர். முதல் வினாவின் விடையை நீங்களே அளந்து காணுங்கள். பிறகு அதை வகுப்பின் கரும்பலகையில் எழுதி வையுங்கள். சன்னலைத் திறக்கச் சொல்ல அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.